மருவும் பாலுண்ணியும்: எது, ஏன், யாரிடம் காட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரு, பாலுண்ணி, மச்சம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. குழப்பமே பெயரில்தான் தொடங்குகிறது. 'பாலுண்ணி' என்ற ஒரே சொல்லை நாம் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம்.

ஒன்று, உண்மையான மரு. கைவிரலிலோ முட்டியிலோ காலடியிலோ வரும். காலிஃப்ளவரின் மேல்பக்கம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வைரஸால் வருவது, தொற்றக்கூடியது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இரண்டாவது, கழுத்திலும் அக்குளிலும் மெல்லிய காம்போடு தொங்கும் மிருதுவான சதைத் துணுக்கு. ஸ்கின் டேக் என்பார்கள். இது தொற்றாது. உடல் எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். பின்கழுத்தும் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால், துணுக்கை எடுப்பதற்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, குழந்தைகளுக்கு முத்து முத்தாக, நடுவில் தொப்புள் மாதிரி சிறு குழியோடு வரும் மொலஸ்கம். இதுவும் வைரஸ்தான், ஆனால் மருவை உண்டாக்கும் வைரஸ் வேறு, இது வேறு. வைத்தியமும் வேறு.

மச்சம் இந்த மூன்றிலும் சேராது. நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடுவதால் வருவது அது. நடுவயதில் கன்னத்திலும் கண்ணோரத்திலும் கடுகு தெறித்த மாதிரி வரும் சின்னச் சின்னக் கறுப்புப் புடைப்புகளும் மரு அல்ல. அவை குடும்பவாகில் வருபவை, யாருக்கும் ஒட்டாது. மரு மருந்தை அவற்றின் மேல் தடவி முகத்தில் தழும்போடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

மரு எதனால் வருகிறது? ரத்தம் சுத்தமில்லை என்றால் வருமா?

வராது. மருவை உண்டாக்குவது ஹெச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். அது ரத்தத்தில் கலப்பதே இல்லை, தோலின் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. அதனால் 'ரத்தசுத்தி' மருந்துகளுக்கு இங்கே வேலை இல்லை. உடல் சூடு, கத்தரிக்காய், கருவாடு எதற்கும் மருவோடு தொடர்பு கிடையாது.

இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 1, 2, 4, 27, 57 ஆகிய எண்கள் கொண்டவை கை, கால் மருக்களுக்குக் காரணம். 3, 10 ஆகியவை முகத்தில் வரும் தட்டை மருக்களுக்கு. 6, 11 ஆகியவை பிறப்புறுப்பு மருக்களுக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 தனி வகைகள். கைவிரல் மரு புற்றுநோயாக மாறிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இந்த எண் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வைரஸ் உள்ளே போகத் தோலில் ஒரு சிறு கீறல் வேண்டும். நகம் கடிப்பவர்களுக்கு நகத்தைச் சுற்றியும், ஷேவ் செய்பவர்களுக்குத் தாடியிலும், ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு உள்ளங்காலிலும் வருவது அதனால்தான். இறைச்சி, மீன் வெட்டும் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை எப்போதும் ஈரமாகவும் காயத்தோடும் இருப்பதால் மரு அதிகம் வரும். வைரஸ் ஒட்டிய பிறகு மரு கண்ணுக்குத் தெரியச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை ஆகலாம். எனவே யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிவது பெரும்பாலும் வீண்.

உள்ளங்காலில் இருப்பது மருவா, கால் ஆணியா?

மூன்று சோதனைகள். வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் தோல் ரேகைகளைப் பாருங்கள். கைரேகை மாதிரி பாதத்திலும் வரிகள் ஓடும். ஆணியின் மேல் அந்த வரிகள் அறுபடாமல் ஓடும். மரு இருக்கும் இடத்தில் வரிகள் அதைச் சுற்றி விலகிப் போகும்.

அடுத்து, வலி. நேராக மேலிருந்து அழுத்தினால் வலி அதிகம் என்றால் ஆணி. இரண்டு விரல்களால் பக்கவாட்டில் கிள்ளினால் வலி அதிகம் என்றால் மரு.

மூன்றாவது, வெந்நீரில் ஊறவைத்து மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தால், மருவில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஆணியில் நடுவே கண்ணாடி மாதிரி கெட்டியான ஒரு முனை மட்டும் இருக்கும். இந்தச் சோதனையில் ரத்தம் வரும்வரை சுரண்டக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் மூன்றாவதைச் செய்யவே வேண்டாம்.

இந்த வேறுபாடு முக்கியம். ஆணி செருப்பின் உராய்வாலும் எலும்பின் அழுத்தத்தாலும் வருவது. செருப்பை மாற்றாமல் ஆணியை எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வரும். மருவுக்குச் செருப்பு மாற்றிப் பயனில்லை.

அந்தக் கறுப்புப் புள்ளிகள் மருவின் வேர்தானே? வேரோடு எடுத்தால் திரும்ப வராதா?

மருவுக்கு வேர் கிடையாது. அந்தப் புள்ளிகள் மருவுக்குள் வளர்ந்து ரத்தம் உறைந்துபோன மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். மரு முழுவதும் மேல்தோலுக்குள்ளேயே இருக்கிறது. தோண்டத் தோண்ட அடியில் எதுவும் அகப்படாது, ஆனால் உள்தோல் வெட்டுப்பட்டு நிரந்தரத் தழும்பு உண்டாகும். மரு திரும்ப வருவது, சுற்றியுள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலும் வைரஸ் மிச்சம் இருப்பதால். 'வேரோடு எடுத்துவிடுகிறோம், திரும்ப வரவே வராது' என்று ஒரு இடத்தில் உறுதி கொடுத்தால், அந்த வாக்குறுதியே எச்சரிக்கை.

ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாகப் போகுமா?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் போகும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்திலும், மூன்றில் இரண்டு பேருக்கு 2 வருடத்திலும் மறைகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி ஒரு கட்டத்தில் வைரஸை அடையாளம் கண்டுகொண்டால், பத்து மருக்களும் சில வாரங்களில் ஒன்றாக உதிர்ந்துவிடும். பெரியவர்களுக்கு இது மெதுவாக நடக்கும். பல வருடம் அப்படியே இருப்பதும் உண்டு.

வைத்தீஸ்வரன்கோவிலில் உப்பும் மிளகும் காணிக்கை போட வேண்டிக்கொண்டு மரு உதிர்ந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் பல. நேர்ந்துகொண்டு காத்திருந்தவர்கள் மருவைக் கிள்ளாமல், சுடாமல் உடம்புக்கு அவகாசம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. வேண்டுதலை யாரும் விட வேண்டாம். பிளேடை மட்டும் விட்டுவிடுங்கள்.

வலி இல்லாத, எண்ணிக்கையில் கூடாத ஒன்றிரண்டு மரு உள்ள பிள்ளைக்கு அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நடக்க வலித்தாலோ, வேகமாகப் பரவினாலோ, நகத்தைச் சுற்றி வந்தாலோ, பள்ளியில் கேலிக்கு ஆளாகிப் பிள்ளை கையை மறைத்துக்கொண்டு திரிந்தாலோ வைத்தியம் தேவை. கடைசியாகச் சொன்னதும் மற்றவற்றுக்குச் சமமான காரணம்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய, நம்பகமான வைத்தியம் எது?

சாலிசிலிக் அமிலம். மருந்துக்கடையில் 'வார்ட் பெயின்ட்' வகையில் கிடைக்கும். சுமார் 16.7 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் அதே அளவு லாக்டிக் அமிலமும் கொண்ட, தடவினால் மெல்லிய படலமாகக் காயும் திரவம். உள்ளங்காலின் தடித்த தோலுக்கு 40 விழுக்காடு பிளாஸ்திரியும் உண்டு. முதல் தடவை ஒரு மருத்துவரிடம் காட்டி, மருதான் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

இரவில் செய்வது வசதி. மரு உள்ள இடத்தை 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். துடைத்துவிட்டு, வெள்ளையாக ஊறிய மேல்தோலை நகம் தேய்க்கும் அட்டை அரத்தாலோ நுரைக்கல்லாலோ (பியூமிஸ் ஸ்டோன்) மெல்லத் தேய்த்து எடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்துங்கள். மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி வரப்பு கட்டுங்கள். பிறகு ஒரு சொட்டு மருந்தை மருவின் மேல் மட்டும் வைத்துக் காயவிட்டு, இன்னொரு சொட்டு. காய்ந்ததும் மேலே சாதாரண பிளாஸ்திரி. மறுநாள் காலை கழுவிவிட்டு, இரவு மறுபடி இதே வரிசை. இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைத்துத் தடவாதீர்கள்.

அரத்தை மருவுக்கென்று தனியாக ஒதுக்கிவையுங்கள். அதே அரத்தால் நகத்தைத் தேய்த்தால் பத்து விரலுக்கும் நீங்களே மருவை நட்டுவிடுவீர்கள். வைத்தியம் முடிந்ததும் குப்பையில் போடுங்கள்.

இப்படி 12 வாரம். ஆம், மூன்று மாதம்.

இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. மருந்து சரியில்லையா?

மருந்து சரிதான், காலம் போதவில்லை. இந்த அமிலம் மருவை ஒரே நாளில் எரிக்காது. அடுக்கடுக்காக உரிக்கிறது. தோல்விக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பவை: தேய்த்து எடுக்காமல் செத்த தோலின் மேலேயே மருந்து வைப்பது, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போடுவது, மூடியைச் சரியாக மூடாமல் பாட்டிலுக்குள்ளேயே மருந்து இறுகிப்போவது, தோல் ரேகை திரும்புவதற்கு முன்பே 'போய்விட்டது' என்று நிறுத்துவது. கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல், வரிகள் அந்த இடத்தின் மேல் மறுபடி நேராக ஓடினால்தான் மரு போனதாகக் கணக்கு.

நடுவில் எரிச்சலோ புண்ணோ வந்தால் 3, 4 நாள் நிறுத்தி, ஆறியதும் தொடருங்கள்.

இதை யார் வீட்டில் செய்யக் கூடாது?

சர்க்கரை நோயாளிகள், கால் மரத்துப்போனவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் செய்யவே கூடாது. ஆணிக்கென்று கடையில் கேட்டவுடன் கொடுக்கும் 'கார்ன் கேப்' வட்டப் பிளாஸ்திரியிலும் இதே சாலிசிலிக் அமிலம்தான், அதுவும் கூடுதல் அளவில். உணர்ச்சி குறைந்த காலில் அதை ஒட்டினால், நல்ல தோலை அமிலம் தின்பது தெரியாமலே புண் ஆழமாகிவிடும். சர்க்கரைப் புண்ணாக மாறி விரலையே இழக்கும் அபாயம் இதில் உண்டு.

முகம், உதடு, பிறப்புறுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் யாருமே போடக் கூடாது. மச்சத்தின் மேலும் முடி முளைத்த புடைப்பின் மேலும் கூடாது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டபிறகே.

சுண்ணாம்பும் சோடாவும் வைத்தால் ஒரே நாளில் விழுந்துவிடும் என்கிறார்களே?

விழும். அதோடு தோலும் போகும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் நீர்விட்டுக் குழைத்தால் உருவாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படும் அதே காரம். அமிலம் சுட்டால் தோல் இறுகி ஓரளவு தானே தடுக்கும். காரம் தோலைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். அது எங்கே நிற்கும் என்று வைத்தவருக்கும் தெரியாது. கன்னத்தில் குழியும், தடித்து எழும்பும் கெலாய்டு தழும்பும் இப்படி வந்தவையே அதிகம்.

எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால் இரண்டும் தோலை எரிக்கும். விரலில் ஒட்டிய பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். இமை அருகில் உள்ள மருவுக்கு இவற்றை நினைக்கவே வேண்டாம். முந்திரிக்கொட்டை எண்ணெயும் சேங்கொட்டையும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமைக் கொப்புளங்களை உடலெங்கும் உண்டாக்கும். தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, காம்பு மெலிந்த தொங்கு துணுக்குக்கு எப்போதாவது பலிக்கலாம், ஆனால் சீழ்பிடிக்கும் வாய்ப்பு கூடவே வருகிறது. தட்டையான மருவில் கட்ட இடமே இல்லை.

இன்னொரு பழக்கம், மருந்துக்கடைக்காரர் தரும் மூன்று மருந்து கலந்த கிரீம். அதில் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால் மருவுக்குத்தான் அது சாதகம்.

டக்ட் டேப் எனும் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டினால் போகுமா? ஹோமியோபதி மருந்தான தூஜா?

டக்ட் டேப் பற்றி 2002இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. தூஜாவுக்கும் மருந்தில்லா மாத்திரையைவிடக் கூடுதல் பலன் இருப்பதாக நம்பகமான சான்று இல்லை. இரண்டாலும் கெடுதல் குறைவு. தூஜா சாப்பிட்டுக்கொண்டு, பிறப்புறுப்பு மருவையோ ரத்தம் கசியும் புடைப்பையோ காட்டாமல் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

யாரிடம் காட்ட வேண்டும்? பெயர்ப்பலகையில் என்ன பார்க்க வேண்டும்?

எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. டி.வி.எல்., தோல் மருத்துவத்தில் டி.என்.பி., அல்லது டி.டி.வி.எல். பட்டம் பெற்றவர். டி.வி.எல். என்பது தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் சேர்ந்த படிப்பு. பழைய மருத்துவர்களின் பலகையில் டி.டி. அல்லது டி.வி.டி. என்றிருக்கும். அவையும் முறையான தோல் மருத்துவப் பட்டயங்களே.

'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஈஸ்தெட்டிக் பிசிஷியன்', 'ட்ரைக்காலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பர்ட்' இவை எதுவும் நிபுணர் பட்டம் அல்ல. சில வார, சில மாதப் பயிற்சி முடித்தவரும் இப்படி எழுதிக்கொள்ளலாம். சந்தேகமிருந்தால் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்துச் சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பியூட்டி பார்லரில் மரு எடுப்பது வேண்டவே வேண்டாம். அது மருதானா என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவும் முடியாது. ஊசிமுனை மற்றவருக்குப் பயன்படுத்தியதாக இருந்தால் வேறு தொற்றுகளும் வரும்.

அரசு மருத்துவமனையில் இதைப் பார்ப்பார்களா?

நன்றாகவே பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் ஒரு நாளில் பார்க்கும் மருக்களின் எண்ணிக்கை தனியார் கிளினிக்கில் ஒரு மாதத்தில் வராது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும். முதல் நாள் பார்த்துவிட்டு, சுடுவதற்கோ உறைவிப்பதற்கோ வேறொரு கிழமைக்கு வரச் சொல்வது வழக்கம். அந்த இரண்டாம் நாளைத் தவறவிடுவதால்தான் பலருக்கு வைத்தியம் பாதியில் நிற்கிறது.

முதல் சந்திப்பில் மருத்துவர் என்ன செய்தால் நம்பலாம்? நான் என்ன கேட்க வேண்டும்?

கையை வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பார். டெர்மாஸ்கோப் எனும் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்க்கலாம். காலடி மருவாக இருந்தால் மேல்தோலைச் சீவிப் பார்ப்பார். வேறு எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளாக, இதுவரை என்ன போட்டீர்கள், சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காயம் ஆறினால் தழும்பு தடிக்குமா என்று கேட்பார். இதில் எதுவும் கேட்காமல் வரவேற்பு மேசையிலேயே லேசர் பேக்கேஜ் விலை சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை: எந்த முறை, இந்த இடத்துக்கு ஏன் அது? எத்தனை சிட்டிங், எத்தனை வார இடைவெளி? கட்டணம் மரு ஒன்றுக்கா, சிட்டிங்குக்கா? (15 மரு இருப்பவருக்கு இந்த ஒரு கேள்வி பெரிய தொகையை மாற்றும்.) செய்யப்போவது மருத்துவரா, உதவியாளரா? திரும்ப வந்தால் மறுபடி கட்டணமா? நிறம் மாறுமா, தழும்பு விழுமா?

போகும்போது மருவில் மருந்து, மஞ்சள், நெயில் பாலிஷ் எதுவும் இல்லாமல் போங்கள். ஏற்கெனவே போட்ட மருந்துகளின் அட்டையை எடுத்துப் போங்கள்.

உறைவிக்கும் வைத்தியம் எப்படி இருக்கும்?

கிரையோதெரபி. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனைப் பஞ்சாலோ ஸ்பிரேயாலோ மருவின் மேல் வைப்பார்கள். மருவும் சுற்றி 1, 2 மில்லிமீட்டர் தோலும் வெள்ளையாக உறையும்வரை, பொதுவாக 10 முதல் 30 நொடி. மயக்க ஊசி தேவையில்லை, ஆனால் வலிக்கும். வலியின் உச்சம் உறைந்தபோது இருக்காது, உருகும்போது வரும். பரீட்சை எழுதவோ வண்டி ஓட்டவோ வேண்டிய நாளில் விரலில் செய்துகொள்ளாதீர்கள்.

ஓரிரு நாளில் கொப்புளம் வரும். சிலசமயம் ரத்தம் கலந்து கறுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவலாம், வலிக்கு பாரசிட்டமால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். 2, 3 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். இடைவெளி ரொம்ப நீண்டால் மரு மறுபடி வளர்ந்துவிடும். ஆறு முறைக்கும் அசையவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும்.

திரவ நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும் பொருள். அதனால் பல கிளினிக்குகள் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வரவழைக்கும். போன் செய்து 'நைட்ரஜன் இருக்கா' என்று கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

நம் நிறத்தோலில் உறைவித்த இடம் வெளுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம். முகத்துக்கு இதை யோசித்துச் செய்வது அதனால்தான். நகத்தின் அடிப்பகுதியில் அதிகம் உறைவித்தால் நகம் கோணலாக வளரும்.

பலன் இடத்தைப் பொறுத்தது. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கை மருக்களுக்கு 13 வாரத்தில் கிரையோ 49 விழுக்காட்டினருக்கும், சாலிசிலிக் அமிலம் 15 விழுக்காட்டினருக்கும் பலித்தது. உள்ளங்கால் மருவில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனில் 2011இல் வந்த இன்னோர் ஆய்வில் உள்ளங்கால் மருவுக்கு இரண்டுமே 12 வாரத்தில் 14 விழுக்காட்டில் நின்றன. ஆகவே கை மருவுக்கு கிரையோவுக்குச் செலவு செய்வதில் பொருளுண்டு. காலடி மருவுக்கு முதலில் அமிலமும் பொறுமையும் முயன்று பார்ப்பதே எங்கள் பரிந்துரை.

சூடு வைத்து எடுப்பது, லேசர்?

எலக்ட்ரோகாட்டரி, ரேடியோ ஃப்ரீக்வென்சி, கார்பன் டை ஆக்சைடு லேசர் மூன்றும் மரத்துப்போகும் ஊசி போட்டு மருவை எரித்து எடுப்பவை. ஒரே நாளில் மரு போகும், புண் ஆற 7 முதல் 14 நாள் ஆகும். மெலிந்து நீண்ட மருவுக்கும், இமையோரம், உதட்டோரம் உள்ளதற்கும் நல்ல வழி. உள்ளங்காலில் இதைத் தவிர்க்க வேண்டும். அங்கே விழும் தழும்பின் மேல்தான் ஆயுள் முழுக்க நடக்க வேண்டும்.

எரியும் மருவின் புகையில் வைரஸ் துகள்கள் இருக்கும். முகக்கவசமும் புகை உறிஞ்சும் கருவியும் வைத்துச் செய்யும் இடம் விவரம் தெரிந்த இடம்.

கைகால் முழுக்க இருபது, முப்பது இருக்கிறது. எல்லாவற்றையும் சுடுவதா?

அவசியமில்லை. இதற்குத்தான் ஊசிவழி நோயெதிர்ப்பு வைத்தியம். பெரிய மரு ஒன்றுக்குள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தை 0.3 முதல் 0.5 மில்லி போடுவார்கள். 2, 3 வார இடைவெளியில் சில தடவை. அந்த மருந்தைத் தேடி வரும் எதிர்ப்புச் செல்கள் வைரஸையும் கண்டுகொள்கின்றன. ஊசி போடாத மருக்களும், தூரத்தில் இருப்பவைகூட, உதிர்வதுதான் இதன் சிறப்பு. எல்லோருக்கும் பலிக்காது. ஊசி வலிக்கும், அன்று லேசான காய்ச்சல் வரலாம். எம்.எம்.ஆரில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் கூடாது. இதே முறையில் வைட்டமின் டி3 ஊசியையும் மருவின் அடியில் போடுகிறார்கள்.

எதற்கும் மசியாத மருவுக்கு, முக்கியமாக நகத்தைச் சுற்றியதற்கு, பிளியோமைசின் ஊசி உண்டு. விரல் முனையில் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கக்கூடியது. அனுபவம் உள்ளவர் கையில் மட்டும், கர்ப்பத்தில் அறவே கூடாது.

பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று ஏராளமாக மரு வந்தால், எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்று பார்ப்பதும் வைத்தியத்தின் பகுதி. சர்க்கரைக்கும் ஹெச்.ஐ.வி.க்கும் பரிசோதனை கேட்டால் மருத்துவர் சந்தேகப்படுகிறார் என்று எண்ணாதீர்கள்.

முகத்தில், தாடியில் வரிசையாக வந்திருக்கிறது.

பிளேடு போகும் வழியில் வைரஸ் விதைக்கப்படுகிறது. மரு போகும்வரை பிளேடு ஷேவிங்கை நிறுத்தி, ட்ரிம்மரால் தோலைத் தொடாமல் வெட்டுங்கள். சலூனில் உங்கள் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். புருவம் த்ரெடிங் செய்த வரியிலும் மரு வருவதுண்டு. தட்டை மருவுக்கு மருத்துவர் பெரும்பாலும் ட்ரெட்டினாயின் கிரீம் தருவார். மெதுவாக வேலை செய்யும், தழும்பு விழாது. வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் அவசியம்.

பிறப்புறுப்பில் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

அதே தோல் மருத்துவரிடம். பால்வினை நோய் அவருடைய படிப்பின் பகுதி. அரசு மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவில் ரகசியம் காத்துப் பார்ப்பார்கள். பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டலாம்.

முதலில் ஓர் ஆறுதல்: ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும் சிறு முத்துகள் இயல்பான தோலமைப்பு. பெண்களுக்கும் இப்படி உண்டு. இவற்றை மரு என்று நினைத்துத் தூக்கம் இழப்பவர்கள் பலர். மறுபக்கம், சிபிலிஸ் நோயிலும் மரு மாதிரி ஈரமான தடிப்பு வரும். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மருவாகவே இருந்தால் இமிக்விமோட் 5 விழுக்காடு கிரீம் வாரத்துக்கு 3 இரவு, அதிகபட்சம் 16 வாரம் என்று வீட்டில் போடத் தருவார்கள். அல்லது டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், கிரையோ, காட்டரி கிளினிக்கில் செய்வார்கள். முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜம், வைத்தியம் தோற்றதாக அர்த்தமில்லை. துணையையும் காட்டச் சொல்லுங்கள். வைரஸ் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடங்கியிருக்கக்கூடியது என்பதால், இப்போது மரு வந்ததை வைத்துத் துணையின் நடத்தையை முடிவு கட்டுவது அநியாயம். கர்ப்பிணிகள் போடோஃபிலின் வகை மருந்துகளைத் தொடக் கூடாது.

குழந்தைக்கு அந்த இடத்தில் மரு வந்தால், கையிலிருந்தோ பிறப்பின்போதோ தொற்றியதாக இருக்கலாம், தவறான தீண்டலாகவும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். குழந்தையைக் குறுக்குவிசாரணை செய்யாதீர்கள்.

தடுப்பூசி உண்டா?

6, 11, 16, 18 வகைகளுக்கு எதிராக உண்டு. சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவாக் 2023 தொடக்கத்தில் அறிமுகமானது. 9 முதல் 14 வயதில் 2 தவணை, 15 முதல் 26 வரை 3 தவணை. பிறப்புறுப்பு மருவையும் கருப்பை வாய்ப் புற்றையும் தடுப்பதற்கானது. கை, கால் மருவின் வகைகள் வேறு என்பதால் அவற்றுக்காகப் போடுவதில்லை.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க?

துண்டு, ரேசர், நகவெட்டி, செருப்பு, நுரைக்கல் தனித்தனியாக. காலில் மரு இருப்பவர் பொதுக் குளியலறையிலும் ஹாஸ்டலிலும் ரப்பர் செருப்போடு குளிக்கட்டும். கையில் இருந்தால் பிளாஸ்திரி போட்டு மூடினால் போதும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவோ தட்டு, டம்ளரைப் பிரிக்கவோ தேவையில்லை. நகம் கடிப்பதை நிறுத்தினால் பாதி பரவல் நிற்கும். சானிட்டைசரை நம்பாதீர்கள், இந்த வைரஸுக்கு ஆல்கஹாலால் பெரிய சேதமில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

எப்போது உடனே காட்ட வேண்டும்?

தொடாமலே ரத்தம் வருவது, ஆறாத புண்ணாக மாறுவது, சில வாரங்களில் வேகமாகப் பெருப்பது, நிறம் கலங்கலாக, ஓரம் கோணலாக இருப்பது. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ கறுப்புத் திட்டு அகலமாகிக்கொண்டே போவது. 40 வயதுக்கு மேல் ஒரே ஒரு விரல் நகத்தைச் சுற்றி வருடக்கணக்கில் போகாத 'மரு'. இவற்றில் சில தோல் புற்றாக இருக்கலாம். நம் நிறத்தவர்களுக்கு வரும் மெலனோமா எனும் நிறமிச்செல் புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் தொடங்குகிறது. அதை மரு, ஆணி என்று நினைத்து வெட்டிக்கொண்டே இருப்பதால் நோய் முற்றிவிடுகிறது.

இங்கே மருத்துவர் செய்ய வேண்டியது பயாப்சி: மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஓரிரு தையல் போடுவார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று மறுக்காதீர்கள், பயாப்சியால் புற்று பரவுவதில்லை. ஏற்கெனவே ஓரிடத்தில் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பாமல், அது அதே இடத்தில் திரும்ப வளர்ந்திருந்தால், அந்த விவரத்தைத்தான் புது மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.